சாரல் காலத்தில் குற்றாலம் – புனலூர் வழியில் குடும்பப் படங்கள்: எந்த இடத்தை எந்த நேரத்தில் எடுப்பது?

செங்கோட்டைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆடி மாதத்தில் என் அண்ணன் குடும்பத்தோடு மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறார். அண்ணன், மதினி, பள்ளியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள், எங்கள் அம்மா, நான், என் கணவர் என எல்லோருமாக ஒரு வேன் பிடித்துக் குற்றாலம், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள், பிறகு மலையைக் கடந்து பாலருவி, கழுதுருட்டியின் பதிமூன்று கண் ரயில் பாலம், தென்மலை, புனலூர் தொங்குபாலம் வரை போய்வரலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இந்த இடங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே வழி கேட்டு இதை எழுதவில்லை. படம் எடுப்பதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக் கைப்பேசிகளில் சுற்றுலாப் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகிவிடும். பெயர்ப்பலகையின் முன்னால் வரிசையாக நின்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்போம். பின்னால் இருக்கும் மலை வெளிறிப் போயிருக்கும். எடுத்த அன்று குடும்பக் குழுவில் போடுவதோடு சரி, பிறகு ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. இந்த முறை அம்மாவும் வருவதால், பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அன்றைய பொழுது நினைவுக்கு வரும்படியான சில படங்களாவது வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அம்மா சிறுமியாக இருந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மீட்டர்கேஜ் ரயிலில் புனலூரில் இருந்த தன் சித்தி வீட்டுக்குப் போய்வந்த கதைகளை இன்றும் சொல்வார். ஆனால் கேமராவைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொள்வார் என்பது தனிச் சிக்கல்.

எங்களிடம் உள்ளவை: சாதாரண விலையில் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி, அண்ணனின் ஐபோன், கணவரின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வாங்கும்போதே வந்த 18–55 லென்ஸ். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போனால் படம் நன்றாக வரும்? சாரலில் கேமராவை எப்படிக் காப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


தென்காசி ஸ்டூடியோக்காரர் எழுதியது:

தங்கச்சி, கேமராவைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். உங்களிடம் உள்ளவையே போதும். நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது வேன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைத்தான். மலையைக் காலையில் நம் பக்கத்திலிருந்தும், மாலையில் கேரளப் பக்கத்திலிருந்தும் எடுங்கள். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

காரணம் மிக எளிது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் மலை மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் கிழக்குச் சமவெளியிலிருந்து எழுந்து மலையின் முகத்தில் நேராக அடிப்பதால், ஒவ்வொரு மடிப்பும், மழைக்காலத்தில் அதன் இடையே வெள்ளைக் கோடாக இறங்கும் ஓடைகளும்கூடத் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் சூரியன் மலையின் தலைக்கு மேலே போய்விட்டால், நமக்குத் தெரிவது மலையின் நிழல் பக்கம் மட்டுமே. வானம் வெளுக்கும், மலை கருக்கும், முன்னால் நிற்பவர்களின் முகமும் இருண்டுவிடும். நம் ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அருவியில் குளித்து, சாப்பிட்டு, சற்றுப் படுத்து எழுந்து, மூன்று மணிக்கு மேல்தான் படம் எடுக்கக் கிளம்புகிறார்கள். உங்கள் படங்களில் மலை வெளிறியதற்கு லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் அவை எடுக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள். கைப்பேசியில் படத்தின் விவரத்தைத் திறந்தால் அது தெரிந்துவிடும்.

சுந்தரபாண்டியபுரத்துக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே பூவும் நமக்குத் துணை நிற்கிறது. சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படித் திரும்புவது இளஞ்செடியும் மொட்டும் மட்டும்தான். முழுதாக மலர்ந்த பூ பெரும்பாலும் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகவே வயலின் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பார்த்தால், பூக்கள் அனைத்தும் உங்களைப் பார்த்திருக்க, அவற்றின் பின்னால் மலை எழுந்து நிற்கும். காலை வெயில் பூவின்மீதும் மலையின்மீதும் ஒரே சமயத்தில் விழும். மாலையில் மேற்கு வரப்பில் போய் நின்றால் பூக்களின் முதுகுதான் கிடைக்கும். ஆனால் அங்கே ஆளை நிறுத்தும்போது ஒரு சங்கடம் உண்டு. பூவைப் போலவே ஆளும் கிழக்கே பார்த்து நின்றால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அதனால் உடலை வடக்கு நோக்கித் திருப்பி நிற்கச் சொல்லி, முகத்தை மட்டும் கேமராவின் பக்கம் சற்றே திருப்பச் சொல்லுங்கள். அல்லது மேகம் ஒன்று சூரியனைக் கடக்கும்வரை காத்திருங்கள். சாரல் காலத்தில் அதற்கு அதிக நேரம் ஆகாது. வயல்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பிலேயே நில்லுங்கள். படத்துக்காக உள்ளே இறங்கிச் செடியை மிதிப்பவர்களால், பணம் வாங்கிக்கொண்டு மட்டுமே அனுமதிக்கும் நிலைக்குச் சில விவசாயிகள் வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஆட்களின் அருகில் போய் எடுக்காதீர்கள். கைப்பேசியை இரண்டு மடங்கு ஜூமில் வைத்துக்கொண்டு, முன்பு நின்றதைப் போல இரண்டு மடங்கு தொலைவுக்குப் பின்னால் நகருங்கள். ஆட்கள் அதே அளவில் இருப்பார்கள், பின்னாலுள்ள மலையோ இரண்டு மடங்காகிவிடும். உங்கள் 18–55 லென்ஸில் இதையே ஜூமின் கடைசி முனையான 55இல் வைத்துச் செய்யலாம். புளியரைப் பக்கத்து நெல்வயல்களில் இதைச் செய்து பாருங்கள். ஆடியில் கார் நெல் பச்சையாக நிற்கும், அதற்கு மேல் நேராக மலைதான். அகன்ற கோணத்தில் எல்லோரையும் அடைத்து எடுத்தால், ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் தோளும் இழுபட்டுப் பருத்துத் தெரியும். பிறகு மதினி உங்களைத்தான் கோபித்துக்கொள்வார்.

தென்காசிக் கோயிலின் ராஜகோபுரமும் கிழக்கு நோக்கியது என்பதால் அதுவும் காலைக்கு உரியதே. ஏறத்தாழ 180 அடி உயரம். பராக்கிரம பாண்டியர் எடுப்பித்த கோயிலில் இப்போதுள்ள கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல வரும், ஆகவே சன்னதித் தெருவில் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். ஆனால் நான் அங்கே கோபுரத்தைவிடக் காற்றைத்தான் எடுக்கச் சொல்வேன். கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று கோபுர வாசலில் எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முந்தானையைப் பிடிக்கவா, தலைமுடியைப் பிடிக்கவா, பிள்ளையைப் பிடிக்கவா என்று தெரியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வரும் அந்தக் கணத்தை, வாசலுக்கு வெளியே தெருவில் நின்று, நொடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் அடுத்தடுத்துச் சில படங்களாக எடுங்கள். உள்ளே வேண்டாம், தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

இன்னொன்று. மேற்கே மலையில் சாரல் விழுந்துகொண்டிருக்க, கிழக்கே வெயில் வந்துவிட்டால் வானவில் தோன்றும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது என்பதால், ஏறத்தாழ ஒன்பது மணிக்குள் சூரியனுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நில்லுங்கள். நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் பக்கத்து ஆடி மாதக் காலைகள் அதற்கு மிகவும் ஏற்றவை.


புனலூர் ஆசிரியை எழுதியது:

அண்ணாச்சி நேரத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மாநில எல்லையிலுள்ள கோட்டைவாசலைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கிவிட்டால் காலையில் பள்ளத்தாக்கு வெகுநேரம் நிழலில்தான் இருக்கும்; மாலையில்தான் மேற்கிலிருந்து வரும் வெயில் பள்ளத்தாக்குக்குள் ஏறிவரும். ஆனால் ஆடியில் எங்கள் பக்கத்தில் வெயிலை நம்பித் திட்டம் போட முடியாது. தென்மேற்குப் பருவமழை மலையில் மோதி எங்கள் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத்தான் உங்களுக்குச் சாரலாக அனுப்புகிறது. ஆகவே மழைக்கும் மேகத்துக்கும் ஏற்றபடி எடுக்கத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மேகமூட்டத்தைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. வெயில் நேரத்தில் கண்ணுக்குக் கீழும் மூக்கின் ஓரமும் விழும் கறுப்பு நிழல் மேகமூட்டத்தில் விழாது, முகங்கள் மென்மையாக வரும். பச்சையும் நன்றாக எடுபடும். ஒரே ஒரு கட்டுப்பாடு, படத்தில் வானத்தைச் சேர்க்காதீர்கள். வெள்ளை வானம் எவ்வளவு கொஞ்சமாக வந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். கேமராவைச் சற்றே தாழ்த்தி, மரமோ பாறையோ ரப்பர் தோட்டமோ பின்னணியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலருவிக்கு ஆரியங்காவு அருகே வனத்துறையின் வாசலில் கட்டணம் செலுத்த வேண்டும். அங்கிருந்து வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், உங்கள் வேனில் கேமராப் பையை மறந்துவிட்டால் திரும்ப வந்து எடுப்பது எளிதல்ல. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. அடர்ந்த காட்டுக்குள் வெள்ளை நீர் விழுவதால் கேமரா ஏமாந்துவிடும்; சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, நீரை ஒரே வெள்ளைப் பூச்சாக ஆக்கிவிடும். கைப்பேசித் திரையில் நீர் விழும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள், நீரின் இழைகள் தெரியத் தொடங்கும். நீர் பட்டுப்போல வழிவதாகக் காட்ட விரும்பினால், உங்கள் டிஎஸ்எல்ஆரில் ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் 100, லென்ஸின் துளை எஃப் 11 முதல் 16 வரை, ஷட்டர் கால் நொடி என்று வைத்துக் கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றி எடுக்கலாம். காட்டு நிழலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் தனி ஃபில்டர் பெரும்பாலும் தேவைப்படாது. அண்ணனின் ஐபோனில் லைவ் போட்டோவை இயக்கிவைத்து அசையாமல் பிடித்து எடுத்தால், பிறகு அந்தப் படத்திலேயே நீண்ட ஒளிப்பதிவு என்ற விளைவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூர் மன்னர்கள் காலத்துக் கல் மண்டபம் ஒன்றும் அங்கே இருக்கிறது. மழை வலுத்தால் ஒதுங்கி நின்று உள்ளிருந்து வெளியே பார்த்து எடுக்கலாம்.

ஏசி போட்ட வேனிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படிந்துவிடும். அதைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. புளியரை மலைப்பாதை ஏறும்போதே ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள்; கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்திருந்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். மழைக்கு விலையுயர்ந்த உறை வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் லென்ஸ் நுழையுமளவு துளையிட்டு ரப்பர் பேண்டால் கட்டினால் போதும், துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று, குடை பிடிக்க ஒரு பிள்ளை.

எங்கள் ஊர்த் தொங்குபாலம் கல்லடையாற்றின்மேல் 1877இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஆல்பர்ட் ஹென்றி. எல்லோரும் அதன்மேல் நின்று தற்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், ஆனால் அப்படி எடுத்தால் பாலமே படத்தில் இருக்காது. ஒருவர் பக்கத்திலுள்ள சாலைப்பாலத்தில் நின்றுகொண்டு, மற்றவர்களைத் தொங்குபாலத்தில் நடக்கச் சொல்லுங்கள். கல் தூண்களும், வளைந்து இறங்கும் சங்கிலிகளும், கீழே ஆறும், நடுவில் சிறிதாக உங்கள் குடும்பமும் ஒரே படத்தில் வந்துவிடும். மரப்பலகைகள் மழையில் வழுக்கும், அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.


பகவதிபுரம் ரயில்பிரியன் எழுதியது:

அக்கா, பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1904இல் திறக்கப்பட்ட பாதை. மீட்டர்கேஜ் ரயில் 2010இல் நின்று, அகலப்பாதையில் 2018இல்தான் செங்கோட்டை–புனலூர் இடையே மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் அம்மா சிறுமியாகப் போன அதே கருங்கல் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. பாலத்தை ஒட்டியே தேசிய நெடுஞ்சாலை போவதால் எல்லோரும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிறார்கள். சரக்கு லாரிகள் வளைவில் வேகமாக வரும் இடம் அது. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, சாலைக்கு முதுகு காட்டாமல் நின்று எடுங்கள்.

பாலத்தை நேரெதிரே நின்று எடுத்தால் தட்டையாக வரும். ஓர் ஓரமாக நகர்ந்து சாய்வாகப் பார்த்தால், வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போவது தெரியும். அருகிலுள்ள தூணின் அடியில் அம்மாவை நிறுத்துங்கள். ஆள் ஒருவர் நின்றால்தான் அதன் உயரம் விளங்கும்.

ரயிலோடு சேர்த்து எடுக்க ஆசையிருந்தால், கிளம்பும் முன் ரயில் எங்கே வருகிறது என்பதைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் அந்தப் பாதையில் ரயில்கள் குறைவு. மலைப்பாதை என்பதால் ரயில் மெதுவாகவே வரும், நொடியில் 250இல் ஒரு பங்கே போதுமானது. ஆகையால் பதற்றம் வேண்டாம், முதலில் சட்டகத்தை அமைத்துவிட்டு ரயில் அதற்குள் நுழையும்வரை காத்திருங்கள். மேலே ஏறித் தண்டவாளத்தில் நின்று எடுப்பவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். அது ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, ரயில் வந்தால் ஒதுங்க இடம் தேடித் தவிக்க வேண்டியிருக்கும்.

புனலூர் அக்கா சொன்ன பட்டு நீர் எனக்கு ஒப்புதலில்லை. எல்லா அருவியும் ஒரே மாதிரித் தெரியும் அந்தப் படத்தைப் பார்த்து அலுத்துவிட்டது.


செங்கோட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி படங்களின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். மலை வெளிறிய படங்கள் அனைத்தும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்பட்டவை. வேனைக் காலை ஐந்தரைக்கே வரச் சொல்லப்போகிறேன், வீட்டில் என்ன சொல்வார்களோ தெரியாது.

அம்மாவைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லையே? அவர் இறுக்கமாக நிற்பதை எப்படி மாற்றுவது? குற்றாலத்தில் எல்லோரும் குளிக்கும்போதும் படம் எடுக்க வேண்டும் என்று அண்ணன் மகன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.


மேலகரம் மைதிலி அக்கா எழுதியது:

குளிக்கும்போது வேண்டாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் உங்கள் குடும்பம் மட்டுமா குளிக்கிறது? நீங்கள் யாரை எடுத்தாலும் பின்னால் ஈரப் புடவையோடு முகம் தெரியாத பெண்கள் வருவார்கள். சமூக ஊடகங்களில் அந்தப் படங்கள் போய்ச் சேரும் இடம் நம் கையில் இல்லை. அதோடு, கவனம் முழுவதும் திரையில் இருக்கும்போது நீரின் நிறம் மாறுவதும் இரைச்சல் கூடுவதும் கண்ணிலும் காதிலும் படாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அருவிக்குப் போகும்போது கைப்பேசிகளை எல்லாம் வேனில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

நல்ல படங்கள் குளித்து முடித்த பிறகுதான் கிடைக்கும். துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு பல் கிட்டித்து நிற்கும் பிள்ளைகள், கடையில் வடைக்காகக் காத்திருக்கும் கணவர், உதடு நீலம் பாரித்தும் இன்னொரு முறை போகலாம் என்று அடம்பிடிக்கும் சின்னவன். இவர்களில் ஒருவரையும் நிற்கச் சொல்லவும் வேண்டாம், சிரிக்கச் சொல்லவும் வேண்டாம். பிள்ளைகளை எடுக்கும்போது நீங்களும் குத்த வைத்து அவர்கள் கண்ணுக்கு நேராகக் கேமராவைப் பிடியுங்கள். நின்றபடி எடுத்தால் தலையும் வகிடும்தான் வரும்.

அம்மா கேமராவைக் கண்டு இறுகுவதற்குக் காரணம், அவர் காலத்தில் ஸ்டூடியோவில் அசையாமல் நின்றால்தான் படம் என்று பழகியது. அவரைப் பார்க்கச் சொல்லாதீர்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆடியில் குற்றாலக் கடைகளில் மங்குஸ்தான் வந்திருக்கும். ஒரு கிலோ வாங்கிப் பேரப்பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தடித்த ஓட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி அவர் பிளக்கும்போது, கை மட்டும் நிறையும்படி நெருங்கி ஒரு படம் எடுங்கள். விரல் நுனியில் ஏறிய ஊதாக் கறையும், நடுவில் வெள்ளைச் சுளையும், நீட்டிக் காத்திருக்கும் ஒரு குட்டிக் கையும் அதில் இருக்கட்டும். பிறகு சுளையைப் பேரன் வாயில் வைத்ததும் அவன் முகத்தைப் பார்ப்பார். அப்போது அவருடைய முகத்தை எடுங்கள். கேமரா இருப்பது அவர் நினைவிலேயே இருக்காது.

முகம் மட்டும் தனியாக ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் சுற்றுலாத் தலமே தேவையில்லை. கிளம்பும் நாள் காலையில் உங்கள் வீட்டு முன்வாசல் நிலைக்கு ஓர் அடி உள்ளே அவரை உட்கார வைத்து, வீட்டின் விளக்குகளை அணைத்துவிட்டு, தெருவில் நின்று எடுங்கள். வெளி வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் வீடு இருண்டு ஒதுங்கும்.

பதிமூன்று கண் பாலத்தின் கீழே அவர் கதையைத் தொடங்குவார் இல்லையா, அப்போது படத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓடவிடுங்கள். குரலைப் படமாக எடுக்க முடியாது. சாலை இரைச்சல் அதிகம் என்பதால் கைப்பேசியை அவருக்கு மிக அருகில், மார்பளவில் பிடியுங்கள்.


தென்காசி ஸ்டூடியோக்காரர் எழுதியது:

மைதிலி சொன்ன வாசல்நிலை யோசனையை நானும் வழிமொழிகிறேன். எங்கள் தொழிலில் விளக்கு வாங்க முடியாத காலத்தில் வீடுகளுக்குப் போய் அப்படித்தான் எடுத்தோம்.

பட்டு நீர் வழக்கில் என் தீர்ப்பு: அருவி மட்டும் தனியாக இருந்தால் ஆசிரியை சொன்னபடி எடுங்கள், முன்னால் ஆள் நின்றால் தம்பி பக்கம்தான் நியாயம். கால் நொடிக்குள் ஆள் அசையாமல் இருப்பது கடினம், முகம் அழிந்துவிடும். ஆளோடு எடுக்கும்போது நொடியில் 1000இல் ஒரு பங்கு வைத்து, அதற்கு வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 800க்கோ 1600க்கோ ஏற்றுங்கள். திவலைகள் அப்படியே அந்தரத்தில் நிற்கும். படத்தில் கொஞ்சம் மணல்போலப் புள்ளி தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், கலங்கிய முகத்துக்கு அது எவ்வளவோ மேல்.

மருமகனிடம் ட்ரோன் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பாலருவியும் தென்மலையும் வனப்பகுதி. அனுமதியின்றிப் பறக்கவிட்டால் வனத்துறையினரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அணைப்பகுதிகளில் படமெடுக்கத் தடை என்ற பலகை இருந்தால் வாதாடாமல் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. எடுத்தவற்றை அன்றிரவே உட்கார்ந்து கழித்துவிடுங்கள். ஒரே காட்சியில் எடுத்த பலவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். நாளைக்கு என்று தள்ளினால் அது நடப்பதே இல்லை, பிறகு நூற்றுக்கணக்கில் குவிந்து நீங்கள் சொன்னதுபோல ஒருவரும் திறக்க மாட்டார்கள். அண்ணனுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கிவிடும்; பிறகு பெரிதாக அச்சிட்டால் முகம் கட்டம் கட்டமாக வரும். தேர்ந்தெடுத்தவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் யார், எங்கே, எந்த நாள் என்பதை அம்மா உடனிருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிவிடுங்கள். பளபளப்பான தாளில் பால்பாயிண்ட் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். அழியாத மை கொண்ட மெல்லிய பேனாவால் மென்மையாக எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள், இல்லாவிட்டால் அந்த மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.